பனிக்காலத்தில் காவிரிக் கரை நடை: தண்ணீர் ஓடும்போதா, வற்றிய பிறகா?

மார்கழி 21, வாசகர் ஒருவரின் கேள்வி

பள்ளித் தோழர்கள் ஐந்து பேர், அனைவரும் அறுபதைக் கடந்தவர்கள், இந்தப் பனிக்காலத்தில் ஒரு நாள் முழுவதும் ஆற்றங்கரையில் நடக்கலாம் என்று பேசி வருகிறோம். மாசியில் ஆறு வற்றிய பிறகு மணலில் இறங்கி நடப்பதே நல்லது என்பது என் எண்ணம். தையில் கரையெல்லாம் பனி. எங்களில் ஒருவருக்கு இளைப்பும் உண்டு. தண்ணீர் ஓடும் ஆற்றைப் பாலத்தின் மேல் பேருந்தில் போகும்போதே பார்த்துக்கொள்ளலாம். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள்.

மார்கழி 21, இரவு

எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. திருவையாற்றில் ஒன்றாகப் படித்த நாங்கள் நால்வர், ஆண்டுதோறும் தை மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமையில் திருக்காட்டுப்பள்ளியிலிருந்து திருவையாறு வரை காவிரியின் இடக்கரையில் நடக்கிறோம். ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வரும். இது ஒன்பதாம் ஆண்டு.

நாளைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது வழக்கம். ஜனவரி 28 தை மாதத்தின் நடுவில் விழும். ஆகவே பனியும் தண்ணீரும் ஒன்றாக இருக்கும் காலம் மார்கழியும் தையின் முதல் பாதியும்தான். மூடிய மறுநாள் ஆறு வெறும் மணலாகிவிடும். மணல் வெயிலில் காயும், நடக்க நடக்கக் கால் புதையும், அறுபதைக் கடந்த முழங்கால் அதைத் தாங்காது. பேருந்திலிருந்து பார்ப்பது பற்றி: தஞ்சாவூரிலிருந்து திருவையாறு வரும் 13 கிலோமீட்டரில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைப் பேருந்து தாண்டுகிறது. அரை மணி நேரத்தில் ஐந்து ஆறுகளைக் கடந்தவர் எவரும் அவற்றில் ஒன்றையாவது பார்த்ததாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

மார்கழி 22

மேலே எழுதியதில் இரண்டு பிழைகள். எங்கள் நால்வரில் ஒருவர் பொதுப்பணித்துறையில் பணி ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு இன்று காலையிலேயே தொலைபேசியில் அழைத்துத் திருத்தினார்.

ஒன்று, நாங்கள் நடப்பது வலக்கரை. நீர் ஓடும் திசையை நோக்கி நின்று பார்க்கையில் வலக்கைப் பக்கம் உள்ளதே வலக்கரை. நாங்கள் கிழக்கு நோக்கி நடக்கிறோம், ஆறு இடக்கைப் பக்கம் ஓடுகிறது. அதனால் கரையையும் இடக்கரை என்று எழுதிவிட்டேன்.

இரண்டு, மேட்டூரை மூடிய மறுநாள் ஆறு வற்றாது. மேட்டூரில் விட்ட தண்ணீர் கல்லணைக்கு வந்து சேரவே மூன்று நான்கு நாட்கள் ஆகும். மூடிய பிறகும் வழியில் இருக்கும் தண்ணீர் அதே கணக்கில் வந்துகொண்டிருக்கும். அது நின்ற பின்னும் இரு பக்கத்து வயல்களும் உறிஞ்சிய நீர் ஊறி ஆற்றுக்கே திரும்புவதால், பள்ளமான இடங்களில் ஒரு நூல் ஓட்டம் பல நாட்கள் நிற்கும். "ஆறு ஒரே நாளில் சாவதில்லை, அதை எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

மார்கழி 24

இளைப்பு உள்ள நண்பரைப் பற்றிக் கேட்டவருக்கு. எங்கள் நால்வரிலும் ஒருவருக்கு இளைப்பு உண்டு. அவரை முன்னிட்டே புறப்படும் நேரத்தை மாற்றினோம். முதல் இரண்டு ஆண்டுகள் நான்கரை மணிக்கே கிளம்பினோம். இரண்டாம் ஆண்டில் அவர் ஒரு மைல் நடப்பதற்குள் மூன்று முறை நின்றார், நாங்கள் பயந்துவிட்டோம். இப்போது திருக்காட்டுப்பள்ளித் தேநீர்க் கடையில் ஏழு மணி வரை உட்கார்ந்திருக்கிறோம். தையில் சூரியன் எழ ஆறரை மணிக்கு மேல் ஆகிறது. ஏழுக்குப் பிறகு காற்றில் குளிர் முறிகிறது. காது மூடும் துண்டும், மருத்துவர் சொன்ன உறிஞ்சு மருந்தும் அவர் சட்டைப் பையிலேயே இருக்க வேண்டும். மற்றவர் பையில் இருந்தால் அந்த மற்றவர் முன்னால் போய்விடுவார். போகியன்றும் மறுநாளும் வேண்டாம். அந்தப் புகை பனியோடு சேர்ந்து தரையிலேயே தங்கும்.

கிழக்கு நோக்கி நடப்பதால் எட்டு மணிக்கு மேல் வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும். தொப்பி வேண்டும்.

மார்கழி 27

பனி எங்கிருந்து வருகிறது என்பதில் எனக்கும் எங்கள் விவசாய நண்பருக்கும் பழைய வழக்கு ஒன்று உண்டு. ஆற்றிலிருந்துதான் எழுகிறது என்று நான் நெடுநாள் நம்பியிருந்தேன். அவர் என்னை ஒருமுறை கரையின் மறுபக்கம் திருப்பி நிறுத்தி வயலைப் பார்க்கச் சொன்னார். திருக்காட்டுப்பள்ளியில் குடமுருட்டி காவிரியிலிருந்து பிரிகிறது. அங்கிருந்து எங்கள் வழி முழுவதும் இந்த இரண்டு ஆறுகளுக்கும் இடைப்பட்ட நிலத்தின் வடக்கு ஓரமாகவே போகிறது. மேகமில்லாத, காற்றில்லாத இரவில் அந்த ஈர வயல்கள் குளிர்ந்து, அவற்றின் மேல் படிந்த காற்றே பனிப்புகையாகிறது. நாங்கள் நடக்கும் லயன்கரை, அதாவது வெள்ளத்தைத் தடுக்க ஆற்றோரம் எழுப்பிய மண் கரை, உயரமாக இருப்பதால் நாம் அதை மேலிருந்து பார்க்கிறோம். பயிர் தெரியாது, தென்னையின் மேல்பாதியும் மின்கம்பத்தின் தலையும் மட்டும் தெரியும். ஆற்றிலும் ஒன்று எழுவது உண்மைதான். தண்ணீர் காற்றைவிடச் சூடாக இருப்பதால் நீர்ப்பரப்பின் மேல் மெல்லிய ஆவி இழை இழையாக எழுந்து, ஆள் உயரம் வருவதற்குள் கலைந்துவிடும். இரண்டும் வெவ்வேறு என்பதை அறிய எனக்கு நான்கு தை ஆயிற்று.

அந்த வயல்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தை நடையின் பாதி சுவை அதில் இருக்கிறது. சம்பா அறுவடைக்கு நிற்கும் நேரம் அது. அறுவடைக்கு ஏழெட்டு நாள் இருக்கும்போது, நிற்கும் நெல்லுக்குள்ளேயே ஈரச் சேற்றில் உளுந்தையும் பச்சைப் பயறையும் விதைத்துவிடுவார்கள். நெல்லை அறுத்த பிறகு அந்தச் செடிக்கு யாரும் தண்ணீர் கட்டுவதில்லை. மண்ணில் மிச்சமிருக்கும் ஈரமும் விடியற்காலைப் பனியும் போதும். நகரத்தில் பனியைக் குறை சொல்பவர்கள் தட்டில் இருக்கும் இட்லியின் உளுந்து எதைக் குடித்து வளர்ந்தது என்று கேட்டுப் பார்க்கலாம்.

அதே பனி நெல்லுக்குப் பகை. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. பனி இறங்கும் நாட்களில் எவ்வளவு காய வைத்தாலும் விடிவதற்குள் நெல் மீண்டும் ஈரத்தை வாங்கிக்கொள்கிறது; ஆண்டுதோறும் விவசாயிகள் தளர்வு கேட்டுப் போராடுவது இதனால்தான். எங்கள் நண்பர் வழியில் காயும் நெற்குவியலைக் கண்டால் நின்று ஒரு பிடி அள்ளி, இரண்டு மணியைக் கடித்துப் பார்த்து, ஒரு எண்ணைச் சொல்வார். கருவி வைத்திருப்பவர் அருகில் இருந்தால் சரிபார்ப்போம். அவர் சொன்ன எண் ஒன்றுக்கு மேல் தவறி நான் பார்த்ததில்லை.

தை 2

கரை வேண்டும் என்று நான் இவ்வளவு பிடிவாதம் பிடிப்பது ஏன் என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். முழுக் காரணத்தையும் எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நண்பர்கள் மூவரிடமும் கேட்டுவிட்டே எழுதுகிறேன்.

எங்களில் இருவர் பதினோரு ஆண்டுகள் பேசாமல் இருந்தவர்கள். ஒருவர் மேலே சொன்ன விவசாயி. மற்றவர், இளைப்பு உள்ளவர், 1990களில் இரண்டு லாரிகள் வைத்து ஆற்று மணல் ஏற்றியவர். 2003இல் மணல் குவாரிகளை அரசே நடத்தும்படி விதி மாறியது. அதற்கு அடுத்த ஆண்டு அவர் லாரிகளை விற்றுவிட்டார். அதற்குள் ஆற்றின் படுகை இறங்கிவிட்டிருந்தது. ஆறு நிறைய ஓடினால்தான், ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரியும் இடத்தில் உள்ள தலைமதகில் தண்ணீர் ஏறும். அரை ஆறு ஓடும்போது மதகின் வாய் காற்றைத்தான் குடிக்கும். கடைமடையில் இருந்த எங்கள் நண்பரின் வாய்க்கால் முதலில் காய்ந்தது. நிலத்தில் ஒரு பகுதியை அடகு வைத்து ஆழ்குழாய் போட்டார். அந்த ஆண்டு ஒரு திருமணப் பந்தியில் நேருக்கு நேர் உட்கார நேர்ந்தபோது, "என் வாய்க்காலை லாரியில ஏத்திக்கிட்டுப் போனவன்டா நீ" என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். மற்றவர் இலையில் கை வைக்காமல் எழுந்து போனார்.

எட்டு ஆண்டுகளுக்கு முன், பணி ஆய்வாளரும் நானும் இருவரையும் தனித்தனியே அழைத்தோம். மற்றவர் வருகிறார் என்பதை இருவரிடமும் மறைக்காமல் சொன்னோம். இருவரும் வந்தார்கள்.

ஓர் அறையில் அந்த இருவரையும் உட்கார வைத்திருந்தால் ஒன்றும் நடந்திராது. கரையில் இருவருக்கு மேல் பக்கத்தில் பக்கத்தில் நடக்க இடம் இல்லை. முள் வந்தால் ஒருவர் பின்னடைய வேண்டும், மாடு வந்தால் ஒருவர் சரிவில் இறங்க வேண்டும், இப்படி யாரோடு யார் நடப்பது என்பதைக் கரையே மாற்றிக்கொண்டிருக்கும். முகத்தைப் பார்க்க வேண்டிய தேவையும் இல்லை. இருவரும் ஆற்றைப் பார்த்துக்கொண்டே பேசலாம். முதல் ஆண்டு, கடுவெளிக்கு எதிர்க்கரையில் வந்தபோது, மூங்கில் புதரிலிருந்து எழுந்த நீர்க்காகம் ஒன்றைக் காட்டி லாரி நண்பர் "பார்றா" என்றார். அவர் பக்கத்தில் அப்போது நடந்தது விவசாயி என்பதை அவர் கவனிக்கவில்லை. "பாத்தேன்" என்று பதில் வந்தது. அன்று அவ்வளவுதான்.

தண்ணீர் ஓடாத ஆற்றில், அகன்ற மணலில், ஆளுக்கொரு பக்கமாகப் போயிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

தை 3

நேற்றைய கடைசி வரியைப் படித்துவிட்டு விவசாய நண்பர் "மணலிலும் பேசியிருப்பேன், நீ எனக்காக முடிவு செய்யாதே" என்றார். அந்த வரியை அழிக்காமல், அவர் மறுப்பைக் கீழே சேர்க்கிறேன்.

தை 10, இரவு

இன்று நடந்து முடித்தோம். கால் வலி இருக்கும்போதே எழுதினால்தான் சரியாக வரும்.

ஏழு மணிக்குத் திருக்காட்டுப்பள்ளியில் கிளம்பியபோது பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. தண்ணீரின் ஓசை மட்டும் கேட்டது. ஆற்றில் முக்கால் அளவு ஓட்டம். எட்டு மணிக்கு எங்கோ ஓர் ஆள்காட்டிக் குருவி விடாமல் கத்தத் தொடங்கியது. பனிக்குள் நாங்கள் வருவதை அது எங்களுக்கு முன்பே கண்டுவிட்டது. ஒன்பது மணிக்கு வெளுத்தது. கரைக்கும் ஆற்றுக்கும் இடைப்பட்ட படுகை நிலத்தில் வாழைத்தோப்புகள், அவற்றின் இலைநுனிகளிலிருந்து மழை போலச் சொட்டும் பனி. நீரோரத்து ஈர மணலில் வாலாட்டிக் குருவிகளும் உள்ளான்களும் ஓடிக்கொண்டிருந்தன. குளிர் முடிந்தால் வடக்கே போய்விடும் விருந்தாளிகள். உள்ளானுக்கும் வாலை ஆட்டும் பழக்கம் இருப்பதால் இரண்டையும் ஒன்றென்றே முன்பு நினைத்திருந்தேன். கூர்ந்து பார்த்தால் உள்ளான் பின்னுடம்பு முழுவதையும் ஆட்டுகிறது.

பாதி வழியைத் தாண்டிய பிறகு நண்பரின் வாய்க்காலுக்கான தலைமதகு வரும். எட்டு ஆண்டுகளாக அந்த இடத்தில் நாங்கள் நின்றதே இல்லை. யாரும் சொல்லாமலே நடை வேகமாகும், பணி ஆய்வாளர் ஏதாவது கதை தொடங்குவார். இன்று லாரி நண்பருக்கு அங்கேதான் மூச்சு வாங்கியது. உட்கார வேறு இடமில்லை; மதகின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தார். மருந்தை உறிஞ்சிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். முன்னால் போய்விட்டிருந்த விவசாயி திரும்பி வந்து, வெந்நீர்க் குடுவையைத் திறந்து, மூடியில் ஊற்றிக் கையில் கொடுத்தார். குடித்துவிட்டு, கீழே ஓடும் தண்ணீரைப் பார்த்தபடியே லாரி நண்பர் கேட்டார்:

"எவ்வளவுடா எறங்கியிருக்கும்?"

விவசாயி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "தண்ணி இருக்கறப்ப எப்படித் தெரியும்? மூடட்டும். மாசியில வா, அளப்போம்" என்றார்.

அதற்குப் பிறகு இருவரும் ஒன்றாகவே நடந்தார்கள். என்ன பேசினார்கள் என்பது பின்னால் வந்த எங்களுக்குக் கேட்கவில்லை, கேட்க முயலவும் இல்லை. எதிர்க்கரையில் தில்லைஸ்தானம் கடந்தது. இரண்டரை மணிக்குத் திருவையாற்றுப் பாலத்தில் ஏறி வடகரைக்கு வந்தோம். புஷ்ய மண்டபப் படித்துறையில் கால்களைத் தண்ணீரில் விட்டு உட்கார்ந்தபோது நால்வருமே பேசவில்லை.

தை 11

தியாகராஜ ஆராதனையோடு சேர்த்து இந்த நடையை வைத்துக்கொள்ளலாமா என்று ஒருவர் கேட்கிறார். ஆராதனை புஷ்ய பகுள பஞ்சமியில் வருவது; திதியைப் பொறுத்து ஆண்டுக்காண்டு நாள் மாறும். அந்த நாட்களில் காவிரிக் கரையில் இருக்கும் சமாதியைச் சுற்றி நிற்கவே இடம் இராது. பாட்டுக்கு ஒரு நாள், நடைக்கு ஒரு நாள் என்று தனித்தனியே வருவது நல்லது. ஆராதனை இல்லாத ஒரு மாலையில், களைத்த காலோடு, அந்தச் சமாதிக்கு வெளியே ஆற்றைப் பார்த்து உட்கார்வதை நான் அதிகம் விரும்புகிறேன்.

சாப்பாடு: புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போங்கள், கரையில் கடை கிடையாது. திருவையாற்றில் அசோகா வாங்காமல் யாரும் பேருந்து ஏறுவதில்லை. பாசிப்பருப்பில் செய்வது, சூடாக இருக்கும்போது சாப்பிட வேண்டும்.

மாசி 5

கேள்வி கேட்ட வாசகருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். மணலில் நடப்பது பற்றி மார்கழியில் எழுதியதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன்.

மேட்டூரை மூடி மூன்று வாரங்கள் ஆகின்றன. பணி ஆய்வாளர் சொன்னபடியே, பள்ளத்தில் ஒரு முழ அகலத்துக்கு இன்னும் நீர் ஊறி ஓடுகிறது. மற்றதெல்லாம் மணல். நால்வரும் நேற்று அந்தத் தலைமதகுக்கே நேராகப் போய், கரையிலிருந்து இறங்கினோம். கரையில் நடந்த ஒன்பது ஆண்டுகளிலும் நான் பார்க்காத ஆறு அது. மேலிருந்து சமமாகத் தெரிந்த படுகை உண்மையில் மேடும் குழியுமாகக் கிடக்கிறது. சில குழிகளின் விளிம்பு ஆறு அரித்ததைப் போல வளைந்திருக்கவில்லை, நேராக வெட்டப்பட்டிருக்கிறது. அதில் எவை எந்தக் காலத்தவை என்று லாரி நண்பருக்குத் தெரியும். நாங்கள் கேட்காமலே சொன்னார். லாரி இறங்கிய பாதை எங்கே இருந்தது, ஒரு நாளைக்கு எத்தனை நடை அடித்தார்கள், இரவில் விளக்கை அணைத்துவிட்டு எப்படி ஏறினார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். விவசாயி குறுக்கிடவில்லை.

மதகின் சுவரில் பழைய நீர்மட்டத்தின் கறை இன்னும் இருக்கிறது. அடித்தளத்தைத் தாங்கும் கற்கள், மண்ணுக்குள் இருக்க வேண்டியவை, வெளியே தெரிகின்றன. பணி ஆய்வாளர் நியாயம் பார்ப்பவர். முழுப் பழியும் லாரிகளுக்கு உரியதன்று என்றார். மேலே இருந்து வர வேண்டிய மணலும் வண்டலும் மேட்டூரிலேயே தங்கிவிடுவதால், இங்கே எடுத்ததை ஆறு திருப்பிக் கொண்டுவந்து கொட்டுவதில்லை. "எடுத்தவன் நான்தானே" என்று லாரி நண்பர் சொன்னார். அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

விவசாயி பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார். மதகின் அடிமட்டத்தில் ஒரு முனையை அவர் வைத்துக்கொண்டார். மறுமுனையைப் பிடிக்க லாரி நண்பர் மணலில் மண்டியிட்டார். ஐந்து அடி நான்கு அங்குலம். "நல்லா இழுத்துப் புடி" என்று விவசாயி சொல்ல, இன்னொரு முறை அளந்தார்கள். அதே அளவுதான் வந்தது.

மாசி 6

எனவே கேட்டவருக்கு என் திருத்திய விடை: தையில் கரையில் நடங்கள், மாசியில் ஒருமுறை இறங்கியும் பாருங்கள். மாசியில் காலை பத்து மணிக்குள் ஏறிவிட வேண்டும், அதற்குப் பிறகு மணல் சுடும்.

அளவு எழுதிய தாளை விவசாயி வைத்திருக்கிறார். வாய்க்கால் பாசனதாரர்கள் சேர்ந்து கொடுக்கப்போகும் மனுவில் அதை இணைக்கிறார்கள். பெயர் பட்டியலில் தன் பெயரையும் சேர்க்க வேண்டும் என்று லாரி நண்பர் கேட்டார். அவருக்கு அங்கே நிலம் இல்லை. இருந்தாலும் ஏழாவதாக எழுதியிருக்கிறார்கள்.